முட்டையா, ஊறுகாயா? – வாசகர் கேள்வி பதில்

மதிய உணவில் புரதம் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களைச் சேர்ந்தவை. முட்டையையும் ஊறுகாயையும் சேர்த்துக் கேட்டிருந்த கடிதங்களுக்கு மட்டும் இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பாபநாசம் வாசகி): என் மகனுக்கு எட்டு வயது. பள்ளிக்குத் தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும்தான் கொண்டுபோவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறான். முட்டை அவித்து வைத்தால் அப்படியே திரும்பி வருகிறது. “எலுமிச்சை, இஞ்சி, வெந்தயம், நல்லெண்ணெய் எல்லாம் ஊறுகாயில் இருக்கும்போது முட்டை எதற்கு?” என்று என் மாமியாரும் அவன் பக்கம் பேசுகிறார். இரண்டின் சத்தையும் ஒப்பிட்டுச் சொல்ல முடியுமா?

பதில்: ஒப்பிடலாம்; ஆனால் எவ்வளவுக்கு எவ்வளவு என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். சத்து அட்டவணைகள் எல்லா உணவுகளையும் 100 கிராம் கணக்கில் தருகின்றன. 100 கிராம் முட்டை என்றால் இரண்டு முட்டை. அதை ஒருவர் ஒரு வேளையில் உண்ணக்கூடும். 100 கிராம் ஊறுகாயை ஒரு குடும்பமே ஒரு நாளில் தீர்ப்பதில்லை. ஆகவே தட்டில் வைக்கப்படும் அளவை, அதாவது ஒரு முட்டையையும் ஒரு கரண்டி ஊறுகாயையும் எடுத்துக்கொள்வதே நியாயம்.

ஓடு நீக்கி ஏறக்குறைய 50 கிராம் உள்ள ஒரு கோழிமுட்டையில் சற்றேறக்குறைய 6 கிராம் புரதமும் 5 கிராம் கொழுப்பும் 70 முதல் 75 கலோரி ஆற்றலும் உள்ளன. அவற்றோடு வைட்டமின் ஏ, டி, பி12, செலினியம் ஆகியவையும், மூளை வளர்ச்சிக்கும் நரம்புகளின் இயக்கத்துக்கும் தேவைப்படும் கோலினும் கிடைக்கின்றன. முட்டையில் வைட்டமின் சி அறவே இல்லை, நார்ச்சத்தும் இல்லை. 15 கிராம் அளவுள்ள ஒரு கரண்டி எலுமிச்சை ஊறுகாயில் புரதம் அரை கிராம்கூடத் தேறாது. எண்ணெய் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஆற்றல் கூடும், குறையும். உப்பு மட்டும் ஏறக்குறைய ஒன்றரை கிராமுக்குக் குறையாமல் இருக்கும். சோடியமாகக் கணக்கிட்டால் 600 மில்லிகிராம் அளவுக்கு வரும். முட்டையில் இயல்பாக உள்ள சோடியம் 70 மில்லிகிராம்தான். பெரியவர்களே நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். சாதத்திலும் தயிரிலும் சேரும் உப்பையும் கூட்டிப் பார்த்தால், ஒரு கரண்டி ஊறுகாய் அந்த வரம்பில் எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது புரியும்.

உங்கள் மாமியார் சொல்லும் பொருள்கள் ஊறுகாயில் இருப்பது உண்மை. வெந்தயத்தில் நார்ச்சத்து உண்டு. எலுமிச்சையில் வைட்டமின் சி உண்டு. ஆனால் அந்த ஒரு கரண்டியில் விழும் வெந்தயப்பொடி ஒரு சிட்டிகைதான். எலுமிச்சையை அரிந்து, உப்பில் புரட்டி, நாள்கணக்கில் வெயிலில் வைத்துக் கிளறி, பிறகு காய்ச்சிய எண்ணெய் ஊற்றும்போது, காற்றும் வெப்பமும் வெளிச்சமும் பட்டு வைட்டமின் சி பெருமளவு அழிந்துவிடுகிறது. அந்தச் சத்துக்காகத்தான் ஊறுகாய் என்றால், ஒரு கொய்யாப்பழம் பிள்ளையின் ஒரு நாள் தேவைக்கு மேலாகவே அதைக் கொடுத்துவிடும்.

உப்பைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றும் குறை வேறொன்று. ஊறுகாய் சோற்றை இழுக்கும். கூட்டும் பொரியலும் இல்லாமல், தொட்டுக்கொள்ள ஒரு துண்டு ஊறுகாய் இருந்தாலே ஒரு பிள்ளை நிறையச் சோறு உண்டு எழுந்துவிடும். தாய்க்கும் பிள்ளை வயிறு நிறைய உண்டதாக மன நிறைவு ஏற்பட்டுவிடும். நெல் விளையும் நம் ஊர்களில் சோற்றுக்கு ஒருபோதும் குறைவு இருந்ததில்லை. குறைவெல்லாம் சோற்றோடு சேர வேண்டிய பருப்பு, கீரை, மீன், முட்டை ஆகியவற்றில்தான். அரிசியிலும் புரதம் இருக்கிறது என்றாலும் அதில் லைசின் என்னும் அமினோ அமிலம் போதிய அளவில் இல்லை. முட்டையும் பயறு வகைகளும் பாலும் அந்தக் குறையை ஈடுசெய்கின்றன. ஊறுகாயால் அது முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி, உங்கள் மகன் வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 23 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டை அதில் கால் பங்கை ஒரே வாயில் தந்துவிடுகிறது.

1982 ஜூலை 1 அன்று திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டத்தில், 1989இல் கருணாநிதி ஆட்சியின்போது இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்க்கப்பட்டு, 2010இல் வாரத்துக்கு 5 முட்டை என்று உயர்ந்ததற்கு அடிப்படை இந்தக் கணக்குத்தான். முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு அங்கே வாழைப்பழம் தரும் வழக்கம் உண்டு. பழம் நல்லதுதான், ஆனால் ஒரு வாழைப்பழத்தில் ஒரு கிராம் அளவுக்குத்தான் புரதம் இருப்பதால் அதை முட்டைக்கு ஈடாக நான் கருதவில்லை. முட்டை புழங்காத வீடுகளில் ஒரு கிண்ணம் சுண்டலோ வேகவைத்த பாசிப்பயறோதான் சரியான மாற்று.

மகனுக்கு அவித்த முட்டையின் வாடை பிடிக்காமல் இருக்கலாம். தேவைக்கு மேல் வேகும்போது கருவைச் சுற்றிப் பச்சை நிற வளையம் விழுவதையும் கந்தக வாடை எழுவதையும் பார்த்திருப்பீர்கள். டப்பாவில் அடைத்து மதியம் திறந்தால் அந்த வாடை இன்னும் தூக்கலாக இருக்கும். ஆகவே பள்ளிக்குக் கொடுத்தனுப்பாமல், மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு ஆம்லெட்டாகவோ பொரியலாகவோ காலையில் சுடச்சுட வீட்டிலேயே கொடுத்துப் பாருங்கள். தயிர்சாதத்துக்கு ஊறுகாய் இருந்துவிட்டுப் போகட்டும். கரண்டியால் வைக்காமல் விரல் நுனியளவு வையுங்கள்.

கேள்வி (மன்னார்குடி வாசகர்): எனக்கு வயது 67. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். கொலஸ்ட்ராலுக்குப் பயந்து முட்டையின் மஞ்சள் கருவைப் பல ஆண்டுகளாகத் தொடுவதில்லை. ஊறுகாயையும் விட்டுவிட்டேன், உப்பு நார்த்தங்காய் மட்டும் பித்தத்துக்கு நல்லது என்பதால் தினமும் இரவு மோர்சாதத்தோடு இரண்டு துண்டு எடுத்துக்கொள்கிறேன். இது சரியா?

பதில்: ஐயா, பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பயந்துகொண்டிருக்கிறீர்கள். உப்பு நார்த்தங்காயை ஊறுகாய்க் கணக்கிலிருந்து நீக்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை. காயைச் சுருள்சுருளாக அரிந்து, உள்ளே கல்லுப்பை அடைத்து, ஜாடியில் ஊறவிட்டு, பகலில் வெயிலில் உலர்த்தி, இரவில் மீண்டும் அதே உப்பு நீரில் போட்டு, அந்த நீர் முழுவதையும் காய் குடித்துத் தீரும் வரை காயவைப்பதுதானே அதன் செய்முறை? நீர் ஆவியாகிவிடுகிறது, உப்பு அப்படியே தங்கிவிடுகிறது. நன்கு காய்ந்த துண்டின் மேல் வெள்ளையாகப் பூத்து நிற்பது உப்புதான். எடைக்கு எடை பார்த்தால் எண்ணெய் ஊறுகாயைவிட இதில்தான் உப்பு அதிகமாக இருக்கும். வாய்க்கசப்புக்கும் குமட்டலுக்கும் அது இதமாக இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தினந்தோறும் இரண்டு துண்டு என்பது உங்கள் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். விட மனமில்லையென்றால், துண்டை வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு, நகக்கண் அளவு கிள்ளி எடுத்துக்கொள்ளுங்கள். மோர்சாதத்தில் தனியாக உப்புப் போட வேண்டாம்.

மஞ்சள் கருவைப் பொறுத்தவரை, ஒரு முட்டையில் ஏறக்குறைய 190 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருப்பதும், அது முழுவதும் கருவில் இருப்பதும் உண்மையே. ஆனால் உணவில் உள்ள கொலஸ்ட்ராலைவிட, வெண்ணெய், நெய் போன்றவற்றில் மிகுதியாக உள்ள நிறைவுற்ற கொழுப்புதான் பெரும்பாலானோருக்கு இரத்தக் கொலஸ்ட்ராலை அதிகம் உயர்த்துகிறது. நம் உடலில் உள்ள கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியைக் கல்லீரலே உற்பத்தி செய்கிறது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று நெடுங்காலம் சொல்லிவந்த அமெரிக்க உணவு வழிகாட்டி, 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த எண் வரம்பை நீக்கிவிட்டது. நீங்கள் ஒதுக்கும் கருவில்தான் வைட்டமின் ஏ, டி ஆகியவையும் கோலினும் பி12இன் பெரும்பகுதியும் உள்ளன. புரதத்திலும் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு அதில் இருக்கிறது. சர்க்கரை நோயோ, இதய நோயோ, பரம்பரையாக வரும் மிகைக் கொலஸ்ட்ராலோ இல்லையென்றால், நாளொன்றுக்கு ஒரு முழு முட்டை தீங்கு செய்யாது. அவற்றில் ஏதேனும் இருந்தால் வாரத்துக்கு எத்தனை என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முட்டையை வெண்ணெயில் பொரித்துப் பரோட்டாவோடு உண்பது வேறு, அவித்து உண்பது வேறு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கேள்வி (திருவாரூர் வாசகி): நடவு, களையெடுப்புக் காலங்களில் எங்கள் வீட்டில் பழையதும் மாங்காய் ஊறுகாயும்தான் காலை உணவு. ஊறுகாய் கெடுதல் என்றால் அந்தக் காலத்து மனிதர்கள் எப்படித் திடமாக இருந்தார்கள்? ஊறுகாயில் வயிற்றுக்கு நன்மை செய்யும் பாக்டீரியா இருப்பதாகவும் சொல்கிறார்களே?

பதில்: வெயிலில் சேற்றில் நின்று வேலை செய்பவர் இழக்கும் உப்பு கொஞ்சமல்ல. ஒரு லிட்டர் வியர்வையில் ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் வெளியேறுகிறது. ஆளுக்கு ஆள் இது பெரிதும் வேறுபடும். அப்படிப்பட்டவருக்கு நீராகாரமும் ஒரு துண்டு ஊறுகாயும் நீரையும் உப்பையும் சேர்த்தே மீட்டுத் தருகின்றன. குனிந்து நாற்று நட்டவர் உண்ட அளவை, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கணினியில் வேலை பார்க்கும் அவருடைய பேரனும் உண்பதில்தான் சிக்கல். நடவு இயந்திரம் வந்த பிறகு வயல் வேலையே குறைந்துவிட்ட வீடுகளிலும் ஊறுகாய் ஜாடியின் அளவு குறையவில்லை. மேலும், அந்தக் காலத்து வயல்வெளிகளில் நண்டும் நத்தையும் வாய்க்கால் மீனும் கிடைத்தன. பழையதும் ஊறுகாயும் காலை வேளைக்கு மட்டுந்தான். அவர்களுடைய திடத்துக்கான காரணத்தை ஊறுகாயில் மட்டும் தேடக் கூடாது.

நன்மை செய்யும் பாக்டீரியா பற்றிச் சொல்கிறேன். காய்கறிகளைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள், நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு வரை உப்புள்ள நீரில் நன்றாகப் பெருகும். நம் ஊறுகாய்களில் உப்பு பெரும்பாலும் நூற்றுக்குப் பத்துப் பங்கைத் தாண்டிவிடுகிறது. ஒரு கிலோ மாவடுவுக்கு 150 கிராம் கல்லுப்பு என்பது பல வீடுகளில் கைப்பழக்கமாக வரும் அளவு. அந்த உப்பில் கெடுதல் செய்யும் கிருமிகளோடு நன்மை செய்பவையும் ஒடுங்கிவிடுகின்றன. கடையில் வாங்கும் ஊறுகாயில் வினிகரும், கெடாமல் காக்கும் சோடியம் பென்சோயேட் என்ற வேதிப்பொருளும் சேர்வதால் அங்கே எதிர்பார்க்கவே வேண்டாம். தஞ்சைப் பகுதி வீடுகளில் தயிரும் கடுகும் சேர்த்துப் போடும் மாகாளிக் கிழங்கிலும் உப்பு குறைவாக இருப்பதில்லை. நீங்கள் தேடும் பாக்டீரியா உங்கள் வீட்டுப் பழையதிலும், அதில் ஊற்றிக்கொள்ளும் மோரிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு உண்ணும்போது அதற்கான பெயர் மட்டும் ஊறுகாய்க்குப் போய்விடுகிறது. பழையதுக்குச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்வதும், வாரத்தில் சில நாள் ஊறுகாய்க்குப் பதில் ஓர் அவித்த முட்டையை வைத்துக்கொள்வதும் நல்ல ஏற்பாடு.

கேள்வி (பட்டுக்கோட்டை வாசகி): எங்கள் மகளிர் குழுவில் மாங்காய், பூண்டு ஊறுகாய்கள் செய்து விற்கிறோம். புரதமும் சுவையும் ஒருங்கே கிடைக்கும் என்பதால் முட்டை ஊறுகாய் செய்யலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். மாங்காய்க்குச் செய்வதுபோலவே எண்ணெயில் போட்டு வைக்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. இந்த இதழில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் செய்தி இதுதான். மாங்காயும் எலுமிச்சையும் இயல்பிலேயே புளிப்பானவை. அந்தப் புளிப்பும் உப்பும் சேர்ந்துதான் அவற்றைக் காக்கின்றன. மேலே நிற்கும் நல்லெண்ணெய் காற்றைத் தடுத்துப் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறது. முட்டையில் புளிப்பு இல்லை. அதன் வெண்கரு புளிப்புக்கு எதிரான காரத்தன்மை (ஆல்கலி) கொண்டது. புளிப்பில்லாத பொருளை எண்ணெயில் மூழ்கவைத்துக் காற்றில்லாமல் அறை வெப்பத்தில் வைத்திருப்பது, பொட்டுலிசம் என்னும் நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு நாமே இடம் கொடுப்பதாகும். அந்த நச்சு நரம்புகளைச் செயலிழக்கச் செய்து மூச்சையே நிறுத்தக்கூடியது. நிறத்திலோ வாடையிலோ எப்போதும் காட்டிக்கொடுக்கும் என்று நம்ப முடியாது.

வினிகரில் போட்டால் தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். 1997இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒருவர் அவித்த முட்டைகளைப் பல்குச்சியால் குத்தித் துளையிட்டு, வினிகர், பீட்ரூட், மிளகாய் ஆகியவற்றோடு ஜாடியில் போட்டு அறை வெப்பத்தில் வைத்திருந்து உண்டு, இந்த நோய்க்கு ஆளானார். ஜாடியில் இருந்த நீர் போதிய புளிப்போடுதான் இருந்தது. ஆனால் துளை வழியே உள்ளே சென்ற கிருமி, புளிப்பு இறங்காத மஞ்சள் கருவில் பெருகிவிட்டது. முட்டையின் நடுப்பகுதி வரை புளிப்பு இறங்கி, புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6க்குக் கீழே வந்தால்தான் அது பாதுகாப்பானது. அதை அளக்கக் கருவியும் ஆய்வுக்கூடமும் தேவை. கைப்பக்குவத்தால் அறிய முடியாது. வீட்டுக்காக வினிகரில் ஊறவைப்பதென்றாலும், முட்டையைக் குத்தாமல், தொடக்கம் முதலே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, விரைவில் உண்டு முடிக்க வேண்டும்.

விற்பனைக்குத்தான் செய்ய வேண்டும் என்று உங்கள் குழு உறுதியாக இருந்தால், தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலையில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தை அணுகிச் செய்முறையையும் ஆய்வு முடிவையும் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அதுவரை மாங்காயும் பூண்டும் போதும். பூண்டு ஊறுகாயிலும் எண்ணெய் மட்டும் போதாது. புளியோ எலுமிச்சைச் சாறோ தாராளமாகச் சேர வேண்டும், அதற்கும் காரணம் இதே கிருமிதான். பாட்டிலின் மேல் 100 கிராமுக்கு எவ்வளவு சோடியம் என்று அச்சிடும்போது, அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும் என்பதை உங்கள் வாடிக்கையாளர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். வாங்கும் பொருளின் உப்பை எடைபோட அவர்களுக்கு வேறு வழியில்லை.

கேள்வி (ஒரத்தநாடு வாசகர்): அறுவடை முடிந்த வயல்களில் வாத்துப் பட்டி போடுகிறவர்களிடம் வாத்து முட்டை மலிவாகக் கிடைக்கிறது. அது கோழி முட்டையைவிடச் சத்தானதா? பாலில் பச்சையாக அடித்துக் குடிக்கலாமா?

பதில்: வாத்து முட்டை அளவில் பெரியது, ஏறக்குறைய 70 கிராம் எடையும் 9 கிராம் புரதமும் 130 கலோரியும் கொண்டது. ஒரு நாளைக்குத் தேவையான பி12 முழுவதும் ஒரே முட்டையில் கிடைத்துவிடும். கொலஸ்ட்ரால் 600 மில்லிகிராம் அளவுக்கு இருப்பதால், மன்னார்குடி வாசகருக்கு நான் சொன்ன “தினம் ஒன்று” என்ற அனுமதி இதற்குப் பொருந்தாது. பச்சையாக எந்த முட்டையையும் குடிக்க வேண்டாம். வெந்த முட்டையின் புரதத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு செரிக்கிறது. பச்சை முட்டையில் பாதியளவே செரிக்கிறது. பச்சை வெண்கருவில் உள்ள அவிடின், பயோட்டின் என்ற வைட்டமினை உடலில் சேரவிடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது. சேற்றிலும் நீரிலும் இடப்படும் வாத்து முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே கரு முழுதும் கெட்டியாகும் வரை அவித்தே உண்ணுங்கள்.

கேள்வி (மயிலாடுதுறை வாசகி): கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு இரத்தசோகை. தினமும் முட்டை கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. புளிப்பு இரும்பை உடலில் சேர்க்கும் என்று ஊறுகாயையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.

பதில்: இரும்புக்காக முட்டையை நம்பியதுதான் இதற்குக் காரணமாக இருக்கலாம். ஒரு முட்டையில் ஒரு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகவே இரும்பு இருக்கிறது. அதையும் கருவில் உள்ள பாஸ்விட்டின் என்ற புரதம் இறுகப் பற்றிக்கொள்வதால் உடல் எடுத்துக்கொள்வது மிகச் சிறிது. புளிப்பு பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சரி. ஆனால் அந்த வேலையைச் செய்வது வைட்டமின் சி. அது ஊறுகாயில் மிஞ்சுவது அரிது என்று மேலே சொல்லியிருக்கிறேன். முருங்கைக்கீரைப் பொரியலின் மேலோ சுண்டலின் மேலோ அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சையைப் பிழிந்து கொடுங்கள். அசைவம் உண்பவராக இருந்தால் ஆட்டு ஈரலும் மீனும் எளிதில் உடலில் சேரும் இரும்பைத் தரும். முட்டையை நிறுத்த வேண்டாம். கீரை உண்ணும் வேளையில் அல்லாமல் வேறு வேளையில் கொடுங்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதைப் பொறுத்து மருத்துவர் மாத்திரை எழுதித் தருவார். உணவால் மட்டும் ஈடுகட்டலாம் என்று காத்திருக்க வேண்டாம். மாதவிடாயில் மிகுதியாக இரத்தம் போகிறதா என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காப்பியும் தேநீரும் சாப்பிட்டவுடன் வேண்டாம். குறைந்தது ஒரு மணி நேரமாவது இடைவெளி விடட்டும்.